பைபாஸ் இணைப்பில் வீக்கம்: ஆபரேஷனும் ஸ்டென்டும் ஒரே நாளில் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. காலுக்கு ரத்தம் போகாததால் 14 வருடங்களுக்கு முன் வயிற்றிலிருந்து இரண்டு தொடைக்கும் பைபாஸ் செய்தார்கள். இப்போது வலது தொடை இடுக்கில் துடிக்கும் கட்டி. வயிற்றுக்குள் மேல் இணைப்பிலும் வீக்கம் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. தொடையைத் திறந்து ஆபரேஷன், வயிற்றுக்கு ஸ்டென்ட், இரண்டும் சேர்த்து என்கிறார்கள். ஒன்று போதாதா டாக்டர்?

பதில்: முதலில், அந்தக் கட்டியை யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டாம், எண்ணெய் தேய்த்து நீவவும் வேண்டாம்.

அப்பாவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் டேக்ரான் துணிக்குழாயாக இருக்கும். அது எத்தனை வருடம் ஆனாலும் ரத்தக்குழாயோடு முழுசாக ஒட்டி வளராது, கடைசி வரை தையல்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கட்டிகளைத் திறந்து பார்த்தால் பல நேரம் நூல் அப்படியே இருக்கும். நூல் பிடித்திருந்த ரத்தக்குழாயின் ஓரம்தான் நைந்துபோன வேட்டிக் கரை மாதிரி விட்டுப்போய், அந்த இடைவெளியில் கசிந்த ரத்தம் பழைய தழும்புக்குள் பை கட்டி நிற்கும். தொடை இடுக்கில் இது அதிகம் வருகிறது. உட்கார்ந்து எழும்போதெல்லாம் இணைப்பு இழுபடுவது ஒரு காரணம்.

அங்கே ஸ்டென்ட் வேண்டாம் என்பதற்கும் அந்த மடிப்புதான் காரணம். மடங்கும் இடத்தில் ஸ்டென்ட் நசுங்கும், உடையும், தொடைக்குள் ஆழமாகப் போகும் கிளையையும் அடைத்துவிடும், உங்கள் அப்பா மாதிரி பலருக்குக் காலே அந்தக் கிளையை நம்பித்தான் இருக்கிறது. கட்டி தோலுக்குக் கீழேயே இருப்பதால் திறந்து, பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துத் தைப்பதே நல்லது.

வயிறு அப்படி இல்லை. ஒருமுறை திறந்த வயிற்றில் குடல் பழைய குழாயோடு ஒட்டிக்கிடக்கும், அதைப் பிரித்தெடுப்பதே பெரிய பாடு, அப்புறம் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களுக்கு மேலே ரத்தத்தை நிறுத்தும் இடுக்கி (கிளாம்ப்) போட வேண்டி வந்தால் இந்த வயதில் இதயம் தாங்க வேண்டும். அதனால்தான் தொடையில் திறந்த அதே வழியாக, பழைய குழாய்க்குள்ளேயே துணி போர்த்திய ஸ்டென்ட்டை (ஸ்டென்ட் கிராஃப்ட்) ஏற்றி, மேல் இணைப்பை உள்ளிருந்து மூடுகிறார்கள். 1990-ல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடை வழியாகச் செய்து காட்டிய முறையிலிருந்து வளர்ந்ததுதான் இது.

சம்மதம் சொல்லும் முன் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள்: பழைய குழாயில் கிருமித்தொற்று இல்லை என்று பார்த்துவிட்டார்களா? தொற்று இருந்தால் அதன் மேல் ஸ்டென்ட் வைத்து மூடுவது தீர்வாகாது, குழாயையே எடுக்க வேண்டி வரலாம். விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுக்கில் சிவப்பு, தழும்பில் கசிவு எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்திருக்க வேண்டும், ஸ்டென்ட் வைக்கும்போது செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிகிச்சைக்குப் பிறகும் வருடா வருடம் ஸ்கேன் உண்டு. சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

தேதிக்காகக் காத்திருக்கும்போது கட்டி சட்டென்று பெரிதானாலோ, கால் ஜில்லிட்டு வலித்தாலோ, திடீரென்று வயிறோ முதுகோ வலித்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். மலம் ஒருமுறை கறுத்து நின்றுவிட்டாலும் சரி, பழைய ஸ்கேனைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.