களப்பிலும் குளத்திலும் கிடக்கும் செல்லுகள்: கேள்வி பதில்

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், வன்னிக் குளங்கள் என்று போரில் விழுந்து தண்ணிக்குள் கிடக்கும் செல் (எறிகணை), கைக்குண்டு போன்ற வெடிபொருட்கள் பற்றி வந்த கேள்விகளும், அகற்றல் வேலை தெரிந்த ஒருவரின் பதில்களும்.

அளம்பில், கரைவலைச் சம்மாட்டி: அண்ணை, வலை மடிக்குள்ள செல் வந்திட்டுது எண்டு வைப்பம். வலை லட்சக்கணக்கில போகுது. வெட்டி விடுறதோ, இழுக்கிறதோ?

இரண்டும் வேண்டாம். கண்ட இடத்திலேயே இழுவையை நிற்பாட்டுங்கோ, உழவு இயந்திரத்தால் இழுத்தால் அதை முதலில். கயிற்றைக் கரையில் கட்டையடித்துக் கட்டிவிட்டு, ஆட்களை 100 மீற்றராவது தள்ளிக் கொண்டுபோங்கோ. மீனுக்காக மடியை அவிழ்க்கவே கூடாது. பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அடியுங்கோ, கிராம அலுவலருக்கும் சொல்லுங்கோ. வருகிற அணி பெரும்பாலும் செல்லைச் சுற்றியுள்ள வலைக் கண்ணிகளை மட்டும்தான் வெட்டும், முழு வலையும் போகாது.

கடலில் படகோரம் வலைக்குள் தெரிந்தால் ஏற்றாதேங்கோ. மெல்ல இறக்கி, அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மிதவை கட்டி, ஜிபிஎஸ் புள்ளியை எழுதி வையுங்கோ. ஏற்றிய பிறகுதான் கண்டீர்கள் என்றால் அது உருளாதபடி வலையால் அண்டை கொடுத்து, ஈரச்சாக்கால் மூடி, இயந்திரத்துக்கும் வெயிலுக்கும் தள்ளி வைத்துக்கொண்டு அறிவியுங்கோ. காய்ந்தால் சில வெடிமருந்துகள் இன்னும் உணர்ச்சி கூடும், அதற்குத்தான் ஈரச்சாக்கு. அதோடு துறைக்குள் வரவேண்டாம்.

வட்டுவாகல், இறால் தொழில்: 2009இல விழுந்தது. இவ்வளவு காலம் உப்புத்தண்ணியில ஊறினது இனி வெடிக்குமோ?

வெடிக்கும். துருப்பிடிக்கிறது கோதுதான், மருந்து அல்ல. ரிஎன்ரி (TNT) வெடிமருந்து ஒரு லீற்றர் தண்ணியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான் கரையும். சேற்றுக்குள் ஒட்சிசன் குறைவு, அதனால் கோதுகூட மெதுவாகத்தான் அரிபடும். ஜெர்மனியின் கடல்களில் ஏறக்குறைய 16 லட்சம் தொன் பழைய வெடிபொருள் கிடக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 80 வருடம் கழிந்தும் அதை ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறார்கள்.

கைக்குண்டைப் பாருங்கோ. உடம்பு தடித்த இரும்பு. ஊசியும் நெம்பும் மெல்லிய தகடும் கம்பியும். எது முதலில் இற்றுப்போகும்? பாதுகாப்புத்தான். சுட்ட எறிகணையில் உருகி, அதாவது வெடியைத் தூண்டும் பாகம், ஏற்கெனவே ஆயத்தமாகிவிட்டது. எங்கோ ஒரு சிறு தடை பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். புரட்டினால் அது விலகலாம். மட்டி ஒட்டி, உருத்தெரியாமல், கல்லுப்போலத்தான் கிடக்கும்.

முள்ளியவளை, ஆசிரியை: ஐயா, கலங்கின தண்ணிக்குள் எப்படித் தேடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஒரு கருவி போதாது, பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கோ. பக்கவாட்டுச் சோனார் அடித்தளத்தின் மேலே கிடப்பதை மட்டும் படம்போலக் காட்டும், கலங்கல் அதற்குப் பிரச்சினை இல்லை. புதைந்ததைக் காணக் காந்தமானி வேண்டும். ஆனால் அது இரும்பை மட்டும்தான் காணும், பித்தளையும் அலுமினியமும் தப்பிவிடும். எங்கள் கரைக்கு இன்னொரு தலையிடி உண்டு. புல்மோட்டையில் அள்ளுகிற இல்மனைற்றுக் கறுப்பு மணல் கொக்கிளாய்ப் பக்கமும் கிடக்கிறது, காந்தமானி அதற்கும் துள்ளும். அங்கே துடிப்பு முறை மின்காந்தக் கருவி நல்லது. உப்புத்தண்ணியையும் அது ஓரளவு தாங்கும்.

நந்திக்கடல் போன்ற ஆழமில்லாத களப்பில் கட்டைகள் நட்டுக் கயிறு கட்டி ஒரு மீற்றர் அகலப் பாதைகளாகப் பிரிப்பார்கள். கருவி எப்போதும் ஆளுக்கு முன்னால், தட்டையான மிதவையில். தேடாத சேற்றில் கால் வைப்பதில்லை. நேரம் எல்லாம் ஈயக்குண்டு, தகரப்பேணி, வாகனத் துண்டு என்று குப்பையைத் தோண்டிப் பார்ப்பதில்தான் போகும். சமிக்ஞையை «குப்பை» என்று ஊகித்து விட்டுவிட்டுப் போவதுதான் இந்த வேலையில் பெரிய பிழை.

வவுனிக்குளம் பக்கம், விவசாய அமைப்பு: சின்னக் குளம் ஒன்றை ஆழமாக்க மண் தோண்டுற பெக்கோ வருது. முன்னம் ஏதும் செய்யவேணுமோ?

கட்டாயம். குளத்துக்குச் சுழியோடி தேவையில்லை. சிறுபோகம் முடிய, ஓகஸ்ற், செப்ரெம்பரில் துருசை, அதாவது மதகைத் திறந்து தண்ணியை இறக்கிவிட்டால் தரை வேலையாகவே செய்யலாம். பிரதேச செயலகம் ஊடாக முல்லைத்தீவு, கிளிநொச்சியில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் நிறுவனங்களுக்கு எழுத்தில் கேளுங்கோ. பெக்கோவின் வாளி சேற்றோடு அள்ளுவதை ஓட்டுநர் காணமாட்டார். அந்த மண் உழவு இயந்திரத்தில் ஏறி வீட்டு வளவுக்குப் போகும், செங்கல் சூளைக்கும் போகும். அள்ளிய மண்ணிலும் தேடவேண்டியது அதனால்தான்.

கொக்கிளாய், கடற்றொழிலாளர் சங்கம்: கண்ட இடத்திலயே வெடிக்க வைச்சால் என்ன?

சிலவேளை அதுதான் வழி, உருகியைத் தொட முடியாத நிலையில் கிடந்தால். ஆனால் தண்ணி அமுங்காது. அதிர்ச்சி அலை நெடுந்தூரம் போய், காற்றுள்ள உறுப்பைத் தாக்கும்: மீனின் காற்றுப்பை, ஆமையின் நுரையீரல், ஆளின் காதும் குடலும். 2019இல் பால்ரிக் கடலின் ஃபெமார்ன் நீரிணையில் பழைய கடற்கண்ணிகளை வெடிக்க வைத்தபின் கடற்பன்றிகள் செத்து ஒதுங்கின. அதைக் குறைக்கத் துளையிட்ட குழாயால் காற்றடித்துக் குமிழித் திரை கட்டுவார்கள். அல்லது சிறு வெடிப்பால் கோதைத் திறந்து மருந்தை எரியவிடுவார்கள்.

நகர்த்தலாம் என்று அணி முடிவெடுத்தால் தூக்குபை கட்டி, ஆட்கள் விலகிய பிறகு தூரத்திலிருந்து காற்றேற்றுவார்கள். ஒரு லீற்றர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். இதில் பிழைப்பது சேற்றுப்பிடி: பிடி விடவில்லை என்று காற்றைக் கூட்டக் கூட்ட, விட்டதும் பை செல்லோடு மேலே பாயும். பெரிய பை வேண்டாம் என்பது அதற்குத்தான். பிறகு நீதிமன்ற அனுமதியோடு அழிப்பது இங்கே வழக்கம், ஓரிரு நாள் செல்லும். அதுவரை அந்தத் துண்டில் தொழிலை நிறுத்தச் சங்கம்தான் பொறுப்பெடுக்கவேணும்.

விசுவமடு: வெறுங்கோது எண்டால் இரும்புக் கடைக்குக் குடுக்கலாமோ?

வெறுங்கோது என்று யார் பார்த்துச் சொன்னது? தொடவேண்டாம். மருந்தைக் கிண்டி மீனுக்கு வெடி போடுகிறவர்களுக்கும் இதே பதில், கூடவே 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டமும் இருக்கிறது.

புதுமாத்தளன்: துப்புரவாக்கின இடம் எண்டு தந்திட்டினம். 2028இல முழு நாடும் முடியுமாம். இனிப் பயமில்லைத்தானே?

2028 யூன் 1 ஒட்டாவா உடன்படிக்கையின் கெடு. அது மிதிவெடிகளுக்கு மட்டும், தண்ணிக்குள் கிடக்கும் செல்லுக்கு அந்தக் கெடு இல்லை. கையளிப்புப் பத்திரத்தில் இரண்டு விசயம் பாருங்கோ: எல்லைப் புள்ளிகள் கரையோடு நிற்கிறதா, எவ்வளவு ஆழம்வரை தேடியது. மாரியில் முகத்துவாரம் வெட்டுண்டால் மணல் இடம் மாறி, ஆழத்தில் கிடந்தது மேலே வரும். தை மாதம் தண்ணி வற்றத் தொடங்கியதும் முதல் ஆளாய் இறங்காமல், கரையோரத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்து, கண்டதைத் தடியால் தட்டாமல் 119க்குச் சொல்லுங்கோ.