பாலூட்டிகளின் கருமுட்டையைக் காண ஏன் 1827 வரை ஆயிற்று?

கோழிமுட்டைக்குள் கரு வளர்வதை அரிஸ்டாட்டிலே விவரித்திருக்க, பாலூட்டிகளின் கருமுட்டையைக் காண ஏன் 1827 வரை ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதற்காரணம் அளவு. ஏற்காட்டு மலைக் கிராமத்தில் என் பாட்டி, அடைவைத்த முட்டையை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்து, ஐந்தாம் நாளிலேயே சிவந்த இரத்தக் குழாய்களைக் காட்டுவார். மனிதக் கருமுட்டையோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், அதுவும் உடலுக்குள் மறைந்திருப்பது.

1672-இல் டச்சு மருத்துவர் டி கிராஃப், கருமுட்டை உருவாகும் உறுப்பான சூலகத்தில் கண்ட நீர்க்கொப்புளங்களையே முட்டைகள் என்று கருதினார். அந்தப் பிழையை நான் குறைவாக மதிக்கவில்லை, ஏனெனில் தேட வேண்டிய இடத்தை அது சுட்டியது. 1827-இல் கருவியல் அறிஞர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பெண் நாயின் சூலகத்தில் அத்தகைய கொப்புளத்தைத் திறந்து, உள்ளிருந்த மஞ்சள் புள்ளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மையான கருமுட்டை தெரிந்தது.