ஒரே கலையில் நிலைத்திருப்பதா, மனம் கேட்கும் புதுமைக்குப் பின்னால் போவதா?

பாதி எழுதிய நாவல் சலித்துவிட்டது, ஓவியம் பக்கம் போகலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுத்தாளன் இல்லை. ஆற்காடு பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆர்மோனியம் வாசிக்கிறேன். பகலில் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. ஆனால் இந்தச் சலிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வடார்க்காட்டில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. வில் வளைப்பு, சூதாடித் தோற்று திரௌபதி சேலையை உரியும் பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், கடைசியில் படுகளம். ஊர்தான் மாறும், கதை மாறாது. நாலாவது வருடம் துகில் கூத்துக்கு ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கும்போதே வெறுத்துவிட்டது. விட்டுவிட்டு வேலூரில் ஒரு கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கப் போனேன். ஒரு ராத்திரிக்கு முப்பது பாட்டு, அத்தனையும் வேறு வேறு படம். ஆறே மாதத்தில் அதுவும் புளித்தது. படத்தில் கேட்டபடியே வாசிக்கணும், ஒரு சங்கதி கூடக்குறைய வரக்கூடாது. கூத்தில் அப்படியில்லை. வேஷக்காரர் விருத்தத்தை இழுத்தால் நானும் கூடவே போகணும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த ஊர் விவகாரத்தை எடுத்துவிட்டால் எங்கே முடிப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காரணும். அதை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

திரும்பி வந்தேன். ஜமாவை நடத்துகிற வாத்தியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பொட்டிய வேற ஆளு போடட்டும். இந்த வருசம் நீ தாளத்தப் புடி" என்றார், அவ்வளவுதான்.

பெட்டிமேல் குனிந்தே பழகியவனுக்கு, தாளத்தோடு நின்று பின்பாட்டுப் பாடிய அன்றைக்குத்தான் கூத்து கண்ணில் பட்டது. துகில் கட்டத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷக்காரர் நல்ல ஆகிருதி. கல்யாண முருங்கையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி நின்றால் சின்னப் பிள்ளைகள் பயப்படும். அவர் சேலையைத் தொடுமுன் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். தலைப்பைப் பிடித்த விரல் நடுங்கியது. நாலு வருடம் அந்தக் கட்டத்துக்கு வாசித்திருக்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை.

இப்போது மறுபடி பெட்டிதான். அந்த இடம் வந்தால் பாட்டு எதுவும் எடுக்க மாட்டேன். கற்பூரம் அணைகிற வரை சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பேன். இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஓவிய ஆசை இருந்தால் தாராளமாக வரையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாங்களும் பெட்டியை மூடித்தான் வைக்கிறோம். நாவலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் இதுவரை வாயே திறக்காத ஒருவர் ஏதாவது மூலையில் நின்றுகொண்டிருப்பார். அடுத்த அத்தியாயத்தை அவர் நிற்கிற இடத்திலிருந்து எழுதிப் பாருங்கள்.