அண்டர்ஸ்கோருக்காக வாக்குவாதம் பண்ற மகன நினைச்சு கவலப்படுற அக்காவுக்கு

தலவாக்கலையில இருந்து கேட்ட அக்கா, ஏ.எல் பரீட்ச முடிச்சு, கேம்பஸ் போறதுக்கான இசட் ஸ்கோருக்கு காத்திருக்கிற பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் மொகம் தெரியாத வெளிநாட்டுக்காரங்களோட, ப்ரோக்ராம்ல வர்ற ஒரு பேருக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் (_ இந்தக் கோடு) போடணுமா வேணாமான்னு வாதாடுறான், இதெல்லாம் சோறு போடுமான்னு கேட்டிருந்தீங்க. போடும் அக்கா. ஆறுதலுக்குச் சொல்லல.

ஓப்பன் சோர்ஸ்னா யாரும் திறந்து பாத்து திருத்தக்கூடிய ப்ரோக்ராம், அதுல ஒரே ப்ரோக்ராம பல நாட்டு ஆளுங்க சேந்து எழுதுவாங்க, இன்னைக்கு ஒருத்தர் எழுதுனத நாலு வருஷம் கழிச்சு இன்னொருத்தர் திறந்து திருத்துவாரு. தோட்டத்துல கொழுந்து கணக்கு எழுதுற செக்ரோல ஒரு கணக்கப்பிள்ளை ஒரு மாதிரியும் அடுத்து வர்றவரு வேற மாதிரியும் எழுதினா உங்க பேருக்கு நேரா எத்தன கிலோன்னு தேடுறதுக்கே பொழுது போயிரும்ல, அந்தத் தொல்லதான் இங்கயும். அதனாலதான் பைதன்ங்கிற ப்ரோக்ராம் மொழிக்கு 2001லயே பெப் 8னு ஒரு வழிகாட்டி எழுதினாங்க: ஃபங்ஷன் (ஒரு வேலைய செய்யுற கோடு துண்டு) பேரு சின்ன எழுத்துல, சொல்லுக்கு நடுவுல அண்டர்ஸ்கோர், வரி 79 எழுத்துக்குள்ள. லினக்ஸ்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியான கேர்னல்ல வேற, அங்க ஒரு டேப் அடிச்சா 8 எழுத்து இடம், வரி ரொம்ப காலமா 80, 2020லதான் சோதிக்கிற ஸ்கிரிப்ட்ல அத 100 ஆக்கினாங்க. இதுல எது சரின்னு கேட்டா, நீங்க எந்த ப்ராஜெக்ட்டுக்குள்ள இருக்கீங்களோ அங்க உள்ளதுதான் சரி, ப்ராஜெக்ட்டுக்குன்னு தனி விதி இருந்தா அதுதான் முதல்லன்னு பெப் 8லயே எழுதியிருக்கு.

இனி தம்பிக்கு. நீ நல்ல இடத்துலதான் நிக்கிற, ஆனா சின்ன விஷயத்துக்குத்தான் தூக்கத்த விடுற. இடைவெளி, வரி நீளம் இதெல்லாம் டூலே பாத்துக்கும், பைதனுக்கு பிளாக்னு ஒரு டூல் இருக்கு, கோ மொழிக்காரங்க இந்த மாதிரி ஒழுங்குபடுத்துற ஃபார்மேட்டர அந்த மொழியோடயே குடுத்துட்டாங்க. அண்டர்ஸ்கோரா கேபிட்டலா, அதையும் கோட சோதிக்கிற லின்டர்ங்கிற டூல் சொல்லிரும். எந்த டூலாலயும் செய்ய முடியாதது பேரோட அர்த்தம். 'செக்' (சரிபார்)னு பேரு வச்ச ஃபங்ஷன் உள்ள போய் ஃபைல அழிக்குதுன்னு வை, சும்மா பாக்கத்தானே போகுதுன்னு நம்பி கூப்பிடுறவன் டேட்டா மொத்தமும் போயிரும். அந்த மாதிரி பேருக்கு வாதாடு, எவ்வளவு நேரம்னாலும் வாதாடு, ஆனா எனக்குப் பிடிக்கலன்னு எழுதாத, இந்தப் பேரப் பாத்து ஒருத்தன் இப்படித் தப்பா நினைப்பான்னு உதாரணத்தோட எழுது.

இன்னொன்னு, பக் (பிழை) திருத்தி அனுப்புற பேட்ச்லயே பழைய பேருகளையும் சேத்து மாத்தாத. அத பாத்து ஏத்துக்கலாமான்னு ரிவியூ பண்றவரு எது திருத்தம் எது அலங்காரம்னு தெரியாம மூடி வச்சிருவாரு. மொதல்ல அந்த ப்ராஜெக்ட்டுக்கு எப்படிப் பங்களிக்கணும்னு எழுதியிருக்கிற கான்ட்ரிபியூட்டிங் ஃபைல வாசி, சுத்தி இருக்கிற கோடு எப்படி இருக்கோ அப்படியே எழுது, உன்னோட ரெண்டு மூணு பேட்ச் உள்ள போனப்புறம் விதிய மாத்தலாமான்னு கேளு, அப்போ காது குடுப்பாங்க.

அக்கா, அவன் எழுதுற அந்த இங்கிலீஷ் பதில்கள் லேசானது இல்ல. கொழும்புல இன்டர்வியூ எடுக்கிறவங்க சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டு, டீமோட ஒத்து வருவானா, குறை சொன்னா தாங்குவானான்னுதான் யோசிப்பாங்க, அத காட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு யாரோட சிபாரிசும் வேணாம், அவன் வாதாடுன பக்கத்தோட லிங்க் போதும். பதினொரு மணிக்கு மேல லைட்ட நிப்பாட்டச் சொல்லுங்க, அவ்வளவுதான், ஃபோனப் பிடுங்காதீங்க. அவன் வாதாடி அவங்க ஒத்துக்கிட்ட ஒரு ரிவியூ, வாதாடி தோத்துட்டு அவங்க சொன்னபடியே மாத்திக் குடுத்த ஒரு ரிவியூ, ரெண்டு லிங்க்கையும் சீவீயில போட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்க, பாத்துத் திருத்தித் தர்றேன்.