ஆங்கிலத்தில் 'இட்ஸ்' என்று எழுதும்போது அப்பாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி (') எப்போது வரும்?

'ராமுஸ் புக்' என்பதில் உடைமையைக் காட்ட அப்பாஸ்ட்ரஃபி வருகிறதே, 'அதனுடைய' என்ற பொருளில் 'இட்ஸ்' எழுதும்போது மட்டும் ஏன் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இது மிக நியாயமான கேள்வி. பெயர்ச்சொல்லுக்குத்தான் அந்தக் குறி உடைமையைக் காட்டுகிறது; 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்', 'யுவர்ஸ்', 'தெயர்ஸ்' ஆகிய உடைமைப் பிரதிப்பெயர்கள் எதற்கும் அது கிடையாது, 'இட்ஸ்' என்பதும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. 'இட் இஸ்', 'இட் ஹாஸ்' ஆகியவற்றின் சுருக்க வடிவமான 'இட்ஸ்' என்பதில் அதே குறி விடுபட்ட எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கிறது.

ஆகவே ஐயம் வரும்போது சொல்லை விரித்துப் படியுங்கள். 'இட்ஸ் ரெய்னிங்' என்பதை 'இட் இஸ் ரெய்னிங்' என்றும், 'இட்ஸ் பீன் லாங்' என்பதை 'இட் ஹாஸ் பீன் லாங்' என்றும் விரிக்க முடிவதால் அங்கே குறி வேண்டும். 'த டாக் வேக்ட் இட்ஸ் டெயில்' என்பதை அவ்வாறு விரித்தால் பொருள் சிதைவதால் அங்கே வேண்டாம். 'யுவர்', 'யூ ஆர்' குழப்பமும், 'ஹூஸ்' என்று ஒலிக்கும் இரு சொற்களின் ('ஹூ இஸ்' என்பதன் சுருக்கம், 'யாருடைய' என்ற பொருள் தரும் சொல்) குழப்பமும் இதே சோதனையில் தீரும்.

இந்த வரையறை நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதன்று. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பு, பத்தாம் பிரிவிலேயே உடைமைப் பொருளில் 'இட்ஸ்' என்பதன் குறியிட்ட வடிவம் இருக்கிறது. அக்காலத்தில் அது பிழையாகக் கருதப்படவில்லை, இன்று பிழையே.

இன்னொன்றையும் கவனியுங்கள்: 'யெஸ், இட் இஸ்' என்று வாக்கியம் அங்கேயே முடிந்தால் அதைச் சுருக்கக் கூடாது, 'நோ, இட் இஸின்ட்' என்று எதிர்மறையில் சுருக்கலாம்.