சுற்று மூடவில்லையா? நாடாவை விட்டுவிட்டு இரும்பைத் தேடுங்கள்

தம்பி, கேகாலைப் பக்கத்துப் பழைய காரீயச் (பென்சில் கரி, அதாவது கிராபைட்) சுரங்கத்தில் உங்கள் குழு நாடாவும் திசைகாட்டியும் வைத்து அளந்த 180 மீற்றர் சுற்று, வெள்ளவத்தைக்கு வந்து கணினியில் போட்டதும் தொடங்கிய புள்ளியில் வந்து முடியாமல் 9 மீற்றர் விலகுகிறது, புது அளவு நாடா வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். நாடா பாவம், விடுங்கள். 5 சதவீதப் பிழையை அது செய்யாது.

பிழை திசைகாட்டியில்தான். ஆனால் காரீயமும் அதன் காந்த முள்ளை இழுக்காது. இழுப்பது பழைய ட்ரொலித் தண்டவாளம், குழாய், அப்புறம் உங்கள் தலைவிளக்கு. ஒருமுறை நான் திசைகாட்டியைக் கண்ணருகே கொண்டுபோகும்போதெல்லாம் முள் மெல்ல 4 பாகை நகர்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றியதும் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது. அரைநாள் வேலை வீண். 30 மீற்றருக்கு ஒரு பாகை பிழைத்தாலே அரை மீற்றர் போய்விடும்.

ஒவ்வொரு கோட்டின் (ஒரு அளவுப் புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை) திசையையும் இரு முனையிலிருந்தும் வாசியுங்கள். இரண்டு வாசிப்புக்கும் 180 பாகை வித்தியாசம் வர வேண்டும். 2 பாகைக்கு மேல் பிசகினால் அங்கேயே நின்று மறுபடி எடுங்கள். ஆனால் இரு முனையிலும் தண்டவாளம் ஒரே அளவு இழுத்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும். அந்தப் பகுதியில் திசைகாட்டியைப் பையில் போட்டுவிட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலான கோணத்தை மட்டும் அளந்துகொண்டு போங்கள்.

பலகைமேல் நின்று அளந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். இங்கே காரீய நாளங்கள் பெரும்பாலும் செங்குத்தாக இறங்குபவை. உக்கிய பலகைக்கு அடியில் தண்ணீர் நிரம்பிய குழி இருக்கலாம். ஏறாதீர்கள். ஒட்சிசன் மானி 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், பாதி வாசிப்பில் இருந்தாலும் சரி, வெளியே வந்துவிடுங்கள்.