பெயரில்லாத டிஸ்க் என்றால் பொறுப்பும் இல்லையா?

கேள்வி: கிளிநொச்சியில் சிறிய வீடியோ ஸ்டூடியோ ஒன்று நடத்துகிறேன். கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுத்து டீவீடியில் பதிந்து கொடுப்பேன். பத்து வாரத்துக்கு முன் இங்குள்ள ஒரு கணினிக் கடையில், எந்தக் கொம்பனிப் பெயரும் இல்லாத வெள்ளை முகப்பு வெற்று டீவீடி 600 வாங்கினேன். ஒன்று 30 ரூபா, மொத்தம் 18,000. முதலில் மாதிரிக்கு 10 தந்தார்கள். பதிந்து பார்த்தேன், நன்றாக ஓடின. "ஏ கிரேட் சாமான், கல்யாண வேலைக்குப் பயமில்லாமல் பாவிக்கலாம்" என்று கடைக்காரர் வட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். 230 டிஸ்க் பாவித்துவிட்டேன். கொடுக்கும்போது ஓடிய டிஸ்க்குகள் இப்போது பாதியில் நிற்கின்றன என்று ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். ஒரு கல்யாண வீட்டார் தாங்கள் கொடுத்த 65,000 ரூபாவையும் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கல்யாணத்தின் கமரா கார்ட்டை நான் அழித்துவிட்டேன். கடைக்காரரோ, "பெயரில்லாத சாமானுக்கு நான் எப்படிப் பொறுப்பு? கொழும்பில் இருந்து வந்தது. பில்லிலும் விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று அடித்திருக்கிறது" என்கிறார். எனக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் ஒரு கதவு இன்னும் இரண்டு, மூன்று வாரத்தில் மூடிவிடும் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்குப் பத்து வாரம் போய்விட்டது. கடைக்காரரோடு இன்னொரு தடவை பேசிப் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம். மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் அதிகார சபையின் அலுவலரைக் காட்டுவார்கள், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். சொல்லப்பட்ட உத்தரவாதத்துக்கோ, சொல்லாமலே இருப்பதாகக் கருதப்படும் உத்தரவாதத்துக்கோ பொருந்தாத பொருளை விற்றால், விசாரித்து, மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ இழப்பீடு கொடுக்கவோ உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. நீங்கள் தொழிலுக்கு வாங்கியவர் என்பதால் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். பொருளைக் காசு கொடுத்துப் பாவிப்பவரையே அந்தச் சட்டம் நுகர்வோர் என்கிறது. நீங்கள் டிஸ்க்கை வாங்கி விற்கும் வியாபாரி அல்ல, பாவிப்பவர்.

இனிக் கடைக்காரரின் பெரிய வாதத்துக்கு வருவோம். பெயரில்லாத பொருளுக்குப் பொறுப்பு இல்லை என்ற நினைப்பு நம் கடைத்தெருக்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வாங்குகிறவர்களும் அதை நம்பிப் பேசாமல் போய்விடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையில் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பழையது என்றாலும் உங்கள் விஷயத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. எந்த வேலைக்கு வேண்டும் என்பதை வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி "அதுதான் வேண்டும்" என்று கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காமல் போகலாம். தெரிவு உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல என்பது அதன் நியாயம். உங்கள் டிஸ்க்கில் பெயரே இல்லை. அப்படியானால் நீங்கள் நம்பியது யாரை? கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டுந்தான். பெயரில்லாமை அவரைக் காப்பாற்றாது, உங்கள் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது.

இரண்டாவது பிடி, அந்த 10 மாதிரி டிஸ்க். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரியின் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். மாதிரியைச் சாதாரணமாகப் பரிசோதித்துக் கண்டுபிடிக்க முடியாத குறை எதுவும் சரக்கில் இருக்கக்கூடாது. கடைக்காரர் "பார்த்துத்தானே எடுத்தாய்" என்பார். இங்கேதான் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு உதவும். பதியும் டீவீடியில் 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளுக்கு நடுவில் ஒரு சாயப்படையும் ஒளியைத் திருப்பும் உலோகப் படையும் இருக்கின்றன. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் பதிகிறது. சாயம் மட்டமாகவோ ஒட்டு சரியில்லாமலோ இருந்தால், ஈரமும் வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்து வாரக்கணக்கில் அதைக் கெடுக்கும். அதே நேரத்தில் டிஸ்க்கில் பிழைதிருத்தும் ஏற்பாடு ஒன்று இருப்பதால், ஓரளவு கெட்டாலும் படம் ஒழுங்காகவே ஓடும். அந்த எல்லையைத் தாண்டியதும் திடீரென்று நிற்கும். அதனால்தான் கொடுத்த அன்று ஓடியது. ஒருவர் பதிந்து, ஓடவிட்டுப் பார்ப்பதைவிட வேறு என்ன பரிசோதனையை ஒரு ஸ்டூடியோக்காரரிடம் எதிர்பார்க்க முடியும்? உங்கள் குறை கண்ணுக்குத் தெரியும் குறை அல்ல.

சரி, இதை எப்படி நிரூபிப்பது? ஒவ்வொரு வெற்று டிஸ்க்கிலும் தயாரிப்பாளரைக் காட்டும் ஒரு குறியீடு தொழிற்சாலையிலேயே பதியப்பட்டிருக்கும். எழுதும் டிரைவ் அதைப் பார்த்துத்தான் லேசரின் பலத்தைத் தீர்மானிக்கிறது. இலவச மென்பொருள்கள் அந்தக் குறியீட்டை வாசித்துக் காட்டும். மாதிரியாகத் தந்த டிஸ்க்கில் ஒன்றாவது கையில் இருந்தால் அதன் குறியீட்டையும், 600இல் மிஞ்சியவற்றின் குறியீட்டையும் வாசித்து, கணினித் திரையில் தெரிவதைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. ஒன்றாகவே இருந்தாலும் மனம் தளரவேண்டாம், குறியீட்டைப் போலியாகப் போடுகிறவர்களும் உண்டு. அதே மென்பொருளாலும், ஏற்ற டிரைவ் இருந்தால், டிஸ்க்கில் பிழைகள் எவ்வளவு என்று ஸ்கான் பண்ணி வரைபடம் எடுக்கலாம். பாவித்தது, பாவிக்காதது, மாதிரி மூன்றிலும் சிலவற்றை எடுத்துச் செய்யுங்கள். பழுதான எந்த டிஸ்க்கையும் வீசாதீர்கள். வாடிக்கையாளர் திருப்பித் தந்த நாளை உறையில் எழுதி வையுங்கள். "ஏ கிரேட்" என்ற அந்த வட்ஸ்அப் செய்தி மிகப் பெறுமதியானது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இப்படியான செய்திகளைச் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. தொலைபேசியை மாற்றும்போது அது அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற முத்திரை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காசு கொடுத்த பிறகு கைக்கு வந்த பில்லில் இருந்த வாசகம் ஒப்பந்தத்தின் பகுதியா என்பதே முதற்கேள்வி. பகுதிதான் என்று வைத்துக்கொண்டாலும், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, தரம் பற்றிய பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகம் நியாயமானதாக இருக்கவேண்டும். பதிந்து பார்க்காமல் தரம் தெரியாத பொருளுக்கு, பதிந்துவிட்டால் திருப்பமுடியாது என்பது நியாயம் என்று வாதிடுவது அவருக்குக் கடினம். கொழும்பில் இருந்து வந்தது என்பதும் அவருடைய பாடு. நீங்கள் ஒப்பந்தம் செய்தது கிளிநொச்சிக் கடையோடு. அவர் வேண்டுமானால் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் போய்க் கேட்கட்டும்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லவேண்டும். 230ஐப் பாவித்துவிட்டதால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். 600ஐயும் மறுத்து முழுப்பணம் கேட்கும் உரிமை அனேகமாகப் போய்விட்டது, நட்டஈடுதான் கேட்கலாம். டிஸ்க் பயனற்றது என்று காட்டினால் அந்தத் தொகை கொடுத்த விலைக்குக் கிட்டத்தட்ட வரும். மிஞ்சிய 370ஐ இனித் தொடவேண்டாம். பழுது தெரிந்த பிறகும் பாவித்தால் அது உங்கள் தவறாகிவிடும்.

அந்தக் கல்யாண வீட்டின் 65,000 வேறு விஷயம். அவர்களோடு ஒப்பந்தம் செய்தவர் நீங்கள். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று அவர்களிடம் கைவிரிக்க முடியாது. சேவை தருபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று நான் மேலே சொன்ன நுகர்வோர் சட்டமே சொல்கிறது. வேறு பிரதி இல்லாமல் கார்ட்டை அழித்தது கவனமான வேலை என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். அந்தத் தொகையைக் கடைக்காரரிடம் கேட்கலாம். கல்யாண வேலைக்கு என்று தெரிந்தே விற்றதால் கேட்க இடமுண்டு. ஆனால் நட்டத்தைக் குறைக்கக்கூடிய இலகுவான வழி உங்கள் கையில் இருந்தது என்பதால் முழுவதும் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். 18,000ஐ உறுதியாகவும், இதை ஒரு பங்காகவும் கேளுங்கள்.

இப்போது செய்யவேண்டியது, நடந்ததை நாள்வாரியாக எழுதிக் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம், பதினான்கு நாள் தவணையோடு. அதன் பிரதியோடு நுகர்வோர் முறைப்பாடு. இரண்டும் பலிக்காவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபை. இந்த அளவுத் தொகைக்கு அங்கே போகாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, சட்டத்தரணிகளான நாங்கள் அங்கே ஆஜராவதும் இல்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கான அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டுதான் நீதிமன்றம் போகவேண்டும். கடையோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாதபடியால் வழக்குப் போடக் காலம் மூன்று வருடம். ஆனால் இப்படியான விஷயங்கள் பெரும்பாலும் சபையிலேயே தீர்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இருவரும் ஒரே ஊர், நாளைக்கும் முகம் பார்க்கவேண்டியவர்கள்.

இனி வாங்கும்போது, பெயரில்லாத டிஸ்க்கையே வெறுக்க வேண்டியதில்லை. பெயர் இருப்பதும் யார் செய்தது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. நல்ல டிஸ்க்குக்குப் பேர்போன ஜப்பானின் தையோ யூடென் மற்றக் கொம்பனிகளின் பெயரிலும் செய்து கொடுத்தது, 2015இல் அந்தத் தொழிலையே விட்டது. வெர்பட்டிம் என்ற பெயரைத் தைவானின் சீஎம்சி 2019இல் வாங்கிக்கொண்டது. எனவே பில்லில் வெறுமனே "டீவீடி 600" என்று எழுத விடாதீர்கள். தரம், குறியீடு, "தந்த மாதிரிக்கு ஒத்தது" என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். டிஸ்க்குகளை அடுக்கி வைத்து வரும் ஒவ்வொரு வட்டப் பெட்டியிலும் (கேக் பொக்ஸ்) மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பதிந்து பாருங்கள். கார்ட்டை அழிக்கமுதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும்.

கடைசியாக அந்தக் கல்யாணம். வன்னியில் எத்தனை வீட்டில் ஒரு பழைய கல்யாணப் படம் கூட இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் தாய் தகப்பனின் அல்பமும் இடம்பெயர்ந்த ஒரு வீதியோரத்தில்தான் போனது. அதனால் 65,000ஐப் பேசமுதல் படத்தை மீட்கப் பாருங்கள். அந்தக் கல்யாணத்துக்கு நீங்கள் எத்தனை பிரதி கொடுத்தீர்கள்? எல்லாவற்றிலும் ஒரே கோப்புகள், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் பழுதாகியிருக்காது. இங்கே உள்ளவற்றை ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்க்காமல், வேறுவேறு டிரைவ்களில் போட்டு, வாசிக்கக்கூடிய பகுதியை மட்டும் கணினிக்கு எடுங்கள். வெளிநாட்டு உறவினருக்குப் போன பிரதிகளை முதலில் கேளுங்கள், இந்த வெக்கையில் கிடக்காதபடியால் அவை கொஞ்சம் நல்ல நிலையில் இருக்கக்கூடும். தபாலில் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கேயே யாராவது ஒருவர் கணினியில் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக (இமேஜாக) எடுத்து இணையத்தில் அனுப்பட்டும். அதையும் இந்த வாரமே கேளுங்கள், ஒவ்வொரு கிழமையும் அந்தச் சாயம் இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது.